ஆதிச் சபையின் மிஷன் பணியிலிருந்து இன்றைய இறையியல் கல்லூரி என்ன கற்கலாம்?

கேள்வி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் ஓர் இறையியல் கல்லூரியில் சபை வரலாறு நடத்துகிறேன். பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவில் இந்த முறை என்னையும் சேர்த்திருக்கிறார்கள். மிஷனுக்கு இரண்டு பேப்பர் போதும், அதையும் கடைசி ஆண்டில் வைத்துக்கொள்ளலாம், முதலில் வேதாகம மொழிகளும் உபதேசமும் உறுதியாகட்டும் என்று ஒரு தரப்பு பேசுகிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே பெரும்பாலானவர்கள் படித்து முடித்துவிட்டு ஊழியத்துக்குப் போகவில்லை, போன இடத்தில்தான் படித்தார்கள்.

அந்தியோகியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்தேவான் கொல்லப்பட்ட பிறகு சிதறி ஓடியவர்களில் சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாருமான சிலர் அங்கே வந்து கிரேக்கரிடம் பேசத் தொடங்குகிறார்கள். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. சபை ஒன்று உண்டான பிறகுதான் எருசலேமிலிருந்து பர்னபா வருகிறார், தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிக் கூட்டிவருகிறார், இருவரும் ஒரு வருஷ காலம் அங்கேயே இருந்து கற்பிக்கிறார்கள். அதாவது சாட்சி முதலில் வந்தது, அதிலிருந்து சபை, அப்புறம் அந்தச் சபைக்குத் தேவையான போதனை. விருத்தசேதனம் இல்லாதவனோடு ஒரே பந்தியில் உட்காரலாமா என்பது யாரோ தனியாக உட்கார்ந்து யோசித்த ஆய்வுத் தலைப்பு அல்ல. அந்தியோகியாவில் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே வெடித்த சண்டை அது, கி.பி. 49 வாக்கில் எருசலேம் சங்கத்தில் அந்த விவகாரம் முழுவதையும் எடுத்துப் பேசவேண்டி வந்தது. கொரிந்தியர் நிருபமும் அப்படித்தான். சிலைகளுக்குப் படைத்த இறைச்சி, சகோதரனைக் கோர்ட்டுக்கு இழுப்பது, கர்த்தருடைய பந்தியில் ஏழைகள் பசியோடு நிற்பது, செத்தவர்கள் எழுந்திருப்பார்களா என்பது, எல்லாம் அந்த ஊர்ச் சபையாரின் தலைவலி. பவுலின் ஆழமான இறையியல் அந்தத் தலைவலிகளுக்குப் பதில் சொல்லப்போய் வந்ததுதான்.

இந்த வரிசையை இன்றைய கல்லூரிக்குள் கொண்டுவர முடியுமா? யாராவது முயன்று பார்த்திருக்கிறீர்களா? இப்படிச் செய்வதில் நான் கவனிக்காமல் விடுகிற ஆபத்து ஏதாவது இருந்தால் அதையும் தாராளமாகச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வரைவு கொடுக்கவேண்டும்.

பதில் 1

சகோதரரே, நான் கல்லூரியில் வேலை செய்கிறவன் அல்ல, சபை ஆயர். களப்பணிக்கு மாணவர்களை எங்கள் சபைக்கு அனுப்புவார்கள், அதனால் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். சனிக்கிழமை மாலை வருவார்கள், ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பார்கள், ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு எடுப்பார்கள், மதியம் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நேரம் தவறாமை, உடை, குரல் எல்லாவற்றுக்கும் அந்தப் படிவத்தில் கட்டம் உண்டு. எந்த நோயாளியைப் போய்ப் பார்த்தார் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போலித்துவின் பெயரில் வழங்கும் 'அப்போஸ்தலப் பாரம்பரியம்' என்ற பழைய சபை ஒழுங்கில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. மூன்று வருஷம் வசனம் கேட்கவேண்டும். ஆனால் ஒருவர் ஊக்கமாக இருந்தால் காலத்தைப் பார்க்காதே, நடக்கையைப் பார் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. கடைசியில் ஞானஸ்நானத்துக்குத் தெரிந்தெடுக்கும்போது கேட்கிற கேள்விகள்தான் முக்கியம். விதவைகளை மதித்தாரா? நோயாளிகளைச் சந்தித்தாரா? நற்கிரியை செய்தாரா? அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் அந்த ஆள் அல்ல, அவரைச் சபைக்கு அழைத்துக்கொண்டு வந்தவர். சாதாரண விசுவாசிக்கே இவ்வளவு விசாரணை என்றால், நாம் ஆயர் பட்டத்துக்கு எதை விசாரிக்கிறோம்? தீமோத்தேயுவைப் பவுல் சேர்த்துக்கொண்டபோதும் லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் உள்ள சகோதரர்கள் அவரைப் பற்றி நல்ல சாட்சி கொடுத்திருந்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது, இரண்டு ஊர்ச் சபைகளின் சாட்சி.

போன வருஷம் வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல பிள்ளை, கிரேக்கம் நன்றாகப் படித்தவர். துக்க வீட்டுக்கு என்னோடு அழைத்துப் போனேன். இருபது வயதுப் பையன், ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்திருந்தான், அதற்குள் இறந்துவிட்டான். அவனுடைய அம்மா என்னைக் கேட்கவில்லை, இவரைத்தான் பிடித்துக்கொண்டு கேட்டார், "நீ படித்த பிள்ளைதானே, சொல்லு, ஞானஸ்நானம் எடுக்காமல் போய்விட்டானே, என் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான்?" தம்பிக்கு வாய் அடைத்துவிட்டது. வாய் அடைத்ததில் தப்பில்லை, எனக்கும் அடைத்திருக்கும். ஆனால் அவர் கல்லூரிக்குத் திரும்பிப் போய் அந்தக் கேள்வியை எந்த ஆசிரியரிடமும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "இந்த செமஸ்டரில் அது எந்தப் பேப்பரிலும் வராது ஐயா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் அவரைப் பழக்கியிருக்கிறோம்.

பதில் 2

ஐயா, நீங்கள் சொன்ன துக்க வீட்டைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஆனாலும் எதிர்ப்பக்கம் நின்று சில வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். நான் வேதாகம மொழிகள் நடத்துகிறவன்.

ஆதிச் சபையைப் பேசும்போது மீன்பிடிக்கிறவர்களை மட்டும் பேசிவிட்டு, படிப்பில்லாமலே எல்லாம் நடந்தது என்பதுபோல ஒரு சித்திரம் வந்துவிடுகிறது. பவுல் யூத வேத போதகர் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தவர். அவரால் கொரிந்தியருக்கு உடனுக்குடன் பதில் எழுத முடிந்தது என்றால் வேதம் முழுவதும் அவருக்குள் ஏற்கெனவே ஊறியிருந்தது என்பதுதான் காரணம். ஊறுவதற்கு வருஷங்கள் வேண்டும். அப்புறம் மூன்றாம் நூற்றாண்டின் வேத அறிஞர் ஒரிகேன். அவருடைய தகப்பனார் 202 வாக்கில் இரத்தசாட்சியாக மரித்தார். பதினெட்டு வயதிலேயே அலெக்சாந்திரியாவில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பு ஒரிகேனுக்கு வந்தது. துன்புறுத்தல் நடக்கும் காலத்தில், தன்னிடம் படித்தவர்கள் கொலைக்களத்துக்குப் போகும்போது கூடவே நடந்தவர் அவர். அதே மனிதர்தான் பின்னால் பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதினார். செசரியாவில் அவரிடம் ஏறக்குறைய ஐந்து வருஷம் படித்த கிரகோரி விடைபெறும்போது ஆற்றிய நன்றியுரை இன்றும் இருக்கிறது. தர்க்கம், இயற்கையைப் பற்றிய படிப்பு, வடிவகணிதம், வானியல், ஒழுக்கவியல், தத்துவ ஞானிகளின் நூல்கள், எல்லாவற்றுக்கும் மேலே வேதம் என்று அந்தப் பாடத்திட்டம் போகிறது. இப்படிப் படித்த கிரகோரி எங்கே போனார்? சொந்த நாடான பொந்துவுக்கே திரும்பி நியோசெசரியாவின் ஆயரானார். அவர் பொறுப்பேற்றபோது அந்த ஊரில் கிறிஸ்தவர்கள் பதினேழு பேர், அவர் மரித்தபோது கிறிஸ்தவர் ஆகாதவர்கள் பதினேழு பேர் என்று ஒரு மரபு சொல்லும். எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். ஐந்து வருஷப் படிப்பு அவருடைய மிஷன் பணிக்குத் தடையாக இருக்கவில்லை என்பது போதும்.

ஆகவே "களத்துக்குப் போ, படிப்பு தானாக வரும்" என்று வரைவில் எழுதிவிடாதீர்கள். செலவைக் குறைக்க வழி தேடும் நிர்வாகம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முதலில் எபிரேயத்தைத்தான் வெட்டும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதற்காக உங்கள் கேள்வி தவறு என்று சொல்லவில்லை. அந்த அம்மாவின் கேள்விக்கே வருகிறேன். 392இல் இளம் பேரரசர் இரண்டாம் வாலெந்தினியன் ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே இறந்துபோனார். ஞானஸ்நானம் கொடுக்க வரும்படி மிலான் ஆயர் அம்புரோசுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார், அதற்குள் சாவு முந்திக்கொண்டது. அழுதுகொண்டிருந்த அவருடைய சகோதரிகளுக்கு முன்னால் அம்புரோசு அடக்க உரை ஆற்றினார். அவர் விரும்பினார், கேட்டார், கேட்டதைப் பெற்றுக்கொண்டார் என்பதே அந்த உரையின் சாரம். இந்தத் தம்பி கேட்டுவந்திருந்தால் அந்த உரையை அவர் கையில் கொடுத்திருப்பேன், இரண்டு வாரத்தில் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பார். கேள்வி துக்க வீட்டில் இருக்கிறது, பதிலுக்கான வழி நூலகத்தில் இருக்கிறது. நடுவில் ஆள் நடமாட்டம் இல்லாததுதான் நம் நோய்.

ஆர்மீனியாவைப் பாருங்கள். மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் நாட்டுப்புறத்தில் நற்செய்தி சொல்லப் போனவர். சபையில் வாசிக்கிற வேதம் கிரேக்கத்திலும் சீரியத்திலும் இருந்தது, கேட்கிறவர்களுக்குப் புரியவில்லை. அதனால்தான் 405 வாக்கில் எழுத்துகளையே உருவாக்கினார், மாணவர்களை எதெஸ்ஸாவுக்கும் கொன்ஸ்தாந்திநோபிளுக்கும் அனுப்பி மொழிபெயர்க்கவைத்தார். அவ்வளவு கடினமான மொழிப்படிப்பு மிஷன் பணியின் நெருக்கடியால் பிறந்தது. என் வகுப்பையும் அப்படி நடத்தச் சொன்னால் சந்தோஷமாக நடத்துவேன்.

பதில் 3

வணக்கம். இரண்டு ஐயாக்களும் சொன்னது சரிதான். ஆனால் இருவருமே வகுப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற மாணவரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். அந்த வகுப்புக்குள் வரவே முடியாதவர்களைப் பற்றி நான் கேட்கிறேன். பல வருஷமாக விரிவாக்க முறையில், அதாவது மாணவர்கள் விடுதிக்கு வராமல் தங்கள் ஊரிலிருந்தே படிக்கும்படி, இறையியல் கற்பிக்கிறேன், என்னிடம் படிப்பவர்களில் பாதிக்குமேல் பெண்கள், எல்லாருக்கும் வேலையும் குடும்பமும் இருக்கிறது.

அப்பொல்லோவை நினைத்துப் பாருங்கள். அலெக்சாந்திரியாக்காரர், சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர். அவருக்கு விடுபட்டுப்போனதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். அதுவும் எப்படி? ஜெப ஆலயத்தில் அவர் பேசும்போது எல்லார் முன்னாலும் திருத்தவில்லை, தனியே சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார். பட்டம் பெற்ற நம் பிரசங்கிகளில் எத்தனை பேர் சபையில் தொழில் செய்கிற ஒரு தம்பதியிடம் உட்கார்ந்து இப்படிக் கேட்பார்கள்? அதற்குப் பழக்கும் பாடம் நம்மிடம் எதுவுமே இல்லை. ரோமர் நிருபத்தை எடுத்துச் சென்றவர் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். நிருபத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவரிடம்தானே சபையார் "இந்த இடத்துக்கு என்ன அர்த்தம்" என்று முதலில் கேட்டிருப்பார்கள்? 112 வாக்கில் பித்தினியாவிலிருந்து பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதிய ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களைப் பற்றி உண்மையறிய இரண்டு பேரைச் சித்திரவதை செய்ததாகச் சொல்கிறான். இருவரும் அடிமைப் பெண்கள், சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்டவர்கள். அந்தச் சபையைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்களைத்தான் பிடித்தான்! கம்பளி வேலை செய்கிறவர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் வண்ணார்களும் வீட்டுக்குள் நுழைந்து பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போதிக்கிறார்கள் என்று கிறிஸ்தவத்தை எதிர்த்த இரண்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி செல்சஸ் எழுதியது ஏளனத்தில்தான். நான் அதை ஒரு நற்சாட்சிப் பத்திரமாகவே வாசிக்கிறேன்.

வேலையும் படிப்பும் ஒன்றாகப் போகாது என்பவர்களுக்கு எபேசுவைக் காட்டலாம். திறன்னுவின் வித்தியாசாலையில் பவுல் இரண்டு வருஷம் தினந்தோறும் சம்பாஷித்தார். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இன்னொரு விவரம் இருக்கிறது, ஐந்தாம் மணி முதல் பத்தாம் மணி வரை. நம் கணக்கில் காலை பதினொன்று முதல் மாலை நான்கு. ஊர் வெயிலுக்கு ஒதுங்கும் நேரம், கூடம் சும்மா கிடக்கும், வேலை செய்கிறவர்களுக்கும் ஓய்வு கிடைக்கும். அவரே தன் கைகளால் வேலை செய்து பிழைத்ததாக எபேசு மூப்பர்களிடம் சொல்கிறார். அந்தக் காலத்தில்தான் ஆசியாவில் (எபேசு இருந்த ரோம மாகாணத்தின் பெயர் அது) குடியிருந்த எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று வருகிறது. பவுல் எல்லா ஊருக்கும் போகவில்லை. கொலோசேயர் அவர் முகத்தையே பார்த்ததில்லை, அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஊர்க்காரரான எப்பாப்பிரா. எபேசுவில் பவுலிடம் கேட்டவர்கள் ஊர் திரும்பிக் கற்பித்தார்கள் என்று நினைக்க இது நல்ல ஆதாரம்.

1963இல் குவாத்தமாலாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் செமினரி இதைத்தான் வேறு வழியில் செய்தது. சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டுவிட்டு விடுதிக்கு வர முடியவில்லை. அதனால் தாங்களாகவே படிக்கும்படி பாடப் புத்தகம் எழுதிக் கொடுத்தார்கள், ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் நடத்தினார்கள். பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. அதில் குறையும் உண்டு, மறைக்கவில்லை. கூட்டம் நின்றுபோய்ப் புத்தகம் மட்டும் மிஞ்சினால் வெறும் அஞ்சல்வழிப் படிப்பு ஆகிவிடும். இணைய வகுப்பிலும் இப்போது அதே நிலைமையைப் பார்க்கிறேன், வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்கிறார்கள்.

கார்த்தேஜில் 203இல் பெர்பேத்துவாவும் அவளோடு ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர்களும் கைதானபோது அவர்களுக்குக் கற்பித்த சத்தூருஸ் அங்கே இல்லை. பிறகு அவராகவே போய்ச் சரணடைந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஆசிரியர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மொழி ஆசிரியர் ஐயா சொன்ன எச்சரிக்கையை வரைவில் முதல் பக்கத்திலேயே எழுதப்போகிறேன், மொழிப் பாடங்களின் நேரத்தில் ஒரு மணிகூடக் குறையாது என்று. அக்கா சொன்ன விரிவாக்க மாணவர்களை எங்கள் விடுதி மாணவர்களோடு மாதம் ஒருமுறையாவது ஒரே வகுப்பில் உட்காரவைக்க முடியுமா என்று பார்க்கிறேன். அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் திணறினால் நல்லதுதான்.

மிஷனுக்கு இரண்டு பேப்பர் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்றும் தேடிப்பார்த்தேன். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் வழியில் வேதாகமம், வரலாறு, உபதேசம், நடைமுறை என்று இறையியலைத் துறை துறையாகப் பிரித்தபோது மிஷனுக்கு அதில் இடமே இல்லை. எடின்பரோவில் 1867இல், இந்தியாவில் மிஷனரியாக இருந்த அலெக்சாண்டர் டஃப் அதற்கென ஒரு பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் தனித்துறை கிடைத்ததும் மற்றவர்கள் "அது அந்தத் துறையின் வேலை" என்று கைகழுவ வசதியாகிவிட்டது. மிஷனே இறையியலின் தாய் என்று ஜெர்மன் இறையியலாளர் மார்ட்டின் கேலர் 1908இல் எழுதினார். நம் பாடத்திட்டத்தில் அந்தத் தாய்க்குக் கடைசி ஆண்டில் இரண்டு பேப்பர்.

நான் வைக்கப்போகும் யோசனை இது. முதலாண்டிலிருந்தே ஒவ்வொரு மாணவரும் ஒரே சபையோடு மூன்று வருஷமும் இணைந்திருக்கவேண்டும். அங்கே கேட்ட கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரவேண்டும், எல்லா ஆசிரியர்களும் செமஸ்டர் தொடக்கத்தில் அந்தக் குறிப்பேடுகளை வாசித்துவிட்டுத்தான் பாடத்தைத் திட்டமிடவேண்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கு சபையின் கையில் இருக்கட்டும், அதிலும் ஆயர் மட்டும் அல்லாமல் அந்த மாணவர் சந்தித்த குடும்பங்களில் இரண்டு பேரும் பேசட்டும். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது?

பதில் 1

ஓட்டை இரண்டு. வசதியான சபை, பாடகர் குழு, நல்ல ஒலிபெருக்கி உள்ள இடங்களைத்தான் எல்லாரும் கேட்பார்கள், சிபாரிசோடு வருவார்கள். யார் எங்கே போவது என்பதை மாணவரும் அவருடைய உறவினரும் தீர்மானிக்கக் கூடாது. இரண்டாவது, குடும்பங்களிடம் சாட்சி கேட்டால் எல்லாரும் "தங்கமான பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். பொதுவாகக் கேட்காதீர்கள். வந்தாரா, எத்தனை முறை வந்தார், நீங்கள் பேசியதைக் கேட்டாரா, கேட்டதற்குப் பதிலோடு திரும்பி வந்தாரா என்று கேளுங்கள்.

பதில் 2

மூன்றாவது ஓட்டை நாங்கள், ஆசிரியர்கள். மாணவர்கள் கொண்டுவருகிற கேள்வியை வாசிப்போம், ஆனால் அந்த வீட்டு வாசலை மிதித்தே பல வருஷம் ஆன ஆட்கள் நம்மில் அநேகர். பன்டேனஸ் கிழக்கே இந்தியாவரை நற்செய்தி சொல்லப் போனவர், கடைசியில் அலெக்சாந்திரியாப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர் என்று பழைய சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். அந்தப் பயணத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் விவாதம் இருந்தாலும், அப்படிப்பட்ட ஒருவர்தான் பள்ளியை நடத்தத் தகுந்தவர் என்று அந்தத் தலைமுறை நினைத்தது தெரிகிறது. ஆகவே வரைவில் இதையும் சேருங்கள்: ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு செமஸ்டர் முழுவதும் ஒரு சபையில் முழுநேரம் இருக்கவேண்டும், ஆயருக்குக் கீழே உதவியாளராக, சம்பளம் குறையாமல். என் கிரேக்க வகுப்பை அந்த நேரத்தில் யார் எடுப்பது என்ற கேள்வி வரும். நான் பழக்கிய மூன்றாமாண்டு மாணவர்கள் இரண்டு பேர் முதலாண்டுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஒரிகேனும் தொடக்க வகுப்பைத் தன் மாணவரான ஹெராக்கிளாஸிடம்தான் கொடுத்தார். முதல் ஆளாக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.